கோட்டை விட்ட கணக்கு

விற்க வந்தவன் விரித்த தாளில்
நாற்பது கிகாபிட் என்று இருந்தது.
எந்த நாற்பது என்று மியாராய் கேட்டாள்.
அளவெடுத்துத் தைத்த பெரிய பொட்டலங்களா,
இல்லை எங்கள் தல்காவானோ துறைமுகத்தில்
ஒரு கிரேன் இன்னொரு கிரேனிடம்
இருக்கிறாயா இருக்கிறாயா என்று
நொடிக்கு நூறு முறை கேட்கிற
இந்தச் சில்லறையா?
அவன் காபியைக் குடித்து முடித்தான்.

பிறகு நான்கு வாரம் அவள் எதுவும் வாங்கவில்லை.
சுவிட்சின் நகல் முனையில் பழைய பெட்டி ஒன்றைச் செருகி
அளந்துகொண்டே இருந்தாள்.
எனக்கு இரவுப் பணி.
நான் கிளம்புகிற நேரம் ரொட்டியும் கையுமாக வருவாள்,
கண் நேரே போகும்
'விடுபட்டவை' என்ற வரிசைக்கு.
பார்த்த பொட்டலங்கள் கோடிகளில்.
பார்க்காமல் கோட்டை விட்டது
நூற்றுக்குப் பதினொன்று.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிற காவலன்
நூற்றுக்குப் பதினொரு முறை கண் அயர்கிறான்.
அது போதும் ஒருவனுக்கு.

நிதிப் பிரிவின் ரோசமேல் பாதிப் பணம்தான் தந்தார்.
அறுபத்து நான்கு கோர் கேட்டோம், முப்பத்திரண்டு வந்தது.
மீதியை இருப்பதிலிருந்து பிழிய வேண்டும்.

முதலில் விதிகள்.
நாற்பதாயிரத்தையும் அப்படியே ஏற்றியிருந்தார் யாரோ
(நான்தான்).
எங்களிடம் இல்லவே இல்லாத மென்பொருளுக்காக,
என்றோ செத்துப்போன ஒரு புழுவுக்காக
ஒவ்வொரு பொட்டலமும் நின்று பதில் சொல்லிப் போனது.
மியாராய் ஒரு மழை நாள் முழுக்க உட்கார்ந்து
ஒன்பதாயிரத்தை மிச்சம் வைத்தாள்.

பிணைய அட்டை ஒரு சாக்கெட்டில்,
அதன் நினைவகம் மறு சாக்கெட்டில்:
அடுப்பு ஒரு மாடியில், உப்பு எதிர்க் கட்டடத்தில்.
இடம் மாற்றினாள்.
இழைகளை ஒவ்வொன்றாகக் கோர்களில் ஆணியடித்தாள்.
ஓர் உரையாடலின் போக்கும் வரவும்
ஒரே கோருக்கு வர வேண்டும்;
கேள்வியை ஒருவனும் பதிலை இன்னொருவனும் கேட்டால்
இருவருக்கும் அது உளறல்.

இரண்டு மணிக்கு யானை வரும்.
இந்தத் தொழிலில் அதற்கு அப்படித்தான் பெயர்:
காப்பு நகல், ஒரே ஓட்டம்,
முப்பத்தொரு கோர் கொட்டாவி விட
பதினேழாவது மட்டும் மூச்சுத் திணறும்.
தலையைப் பார், போதும்,
உடம்பை விட்டுவிடு என்று எழுதினாள்.
யானை போனது. யாரும் மிதிபடவில்லை.

பதினொன்று நான்காயிற்று. நான்கு அரையாயிற்று.
ஜூன் ஆறாம் தேதி பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்தைச் செல்பேசியில் படம் எடுத்துவைத்தேன்.

எட்டு நாள் கழித்து, விடியற்காலை 3:12,
மேசை நகர்ந்தது.
பெரிதில்லை. இங்கே யாரும் எழுந்து ஓடாத அளவு.
வேலியோரக் கடற்சிங்கங்கள் மட்டும் கத்தின.
ஆனால் இருநூற்றுப் பத்து கேமராக்களும் அசைவைக் கண்டன,
கண்டதை ஒரே நொடியில் சொல்லத் தொடங்கின,
கிரேன்கள் விழுந்து, எழுந்து, மறுபடி பெயர் சொல்லின,
துறைமுகத்தில் விழித்திருந்த எல்லோரும்
சுனாமி உண்டா என்று ஒரே பக்கத்தைத் திறந்தார்கள்.
ஐம்பத்தோரு நொடி.
விடுபட்டவை, நூற்றுக்கு ஆறு.

அந்த ஆறில் ஒன்றும் இருந்திருக்காது.
பெரும்பாலும் கேமராக்கள் கண்ட இருட்டு.
'பெரும்பாலும்' என்று அறிக்கையில் எழுதினேன்,
அழித்தேன்,
மறுபடி எழுதினேன்.

ஐம்பத்தோரு நொடிக்காக இன்னொரு பெட்டியா,
சராசரி எவ்வளவு என்றார் ரோசமேல்.
மூன்று கிகாபிட் என்றாள் மியாராய்.
இந்த விரிகுடாவில் அலையின் சராசரிகூட
உங்கள் முழங்காலைத் தாண்டாது,
ஆனாலும் உங்கள் அலுவலகம்
மூன்றாம் மாடியில்தானே இருக்கிறது?
அவர் கையெழுத்துப் போடவில்லை.
மறுக்கவும் இல்லை.
படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது மணி 2:40. யானை கடந்துவிட்டது.
ஏழாம் வாசலில் ஒரு லாரி நிற்கிறது,
சக்கரத்துக்கு முன்னால் கடற்சிங்கம் ஒன்று
பாட்டுக்குப் படுத்திருக்கிறது.
ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் எதையோ மெல்லுகிறார்.
கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
பிறகு கண் தானாக வரிசைக்குப் போகிறது.
பூஜ்யம்.
மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறேன்.
குடிக்க அல்ல.